பழைய மென்பொருளும் புதிய ரா கோப்பும்: எந்த வழியில் போவது?

சென்ற வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராவாகப் புதிய மிரர்லெஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மண்டபத்தில் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹோமப் புகைக்கு நடுவே மணப்பெண்ணின் கண்ணை விடாமல் பிடித்தது. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினேன். 1,140 கோப்புகள், 1,140 சாம்பல் கட்டங்கள். ஒன்றைச் சொடுக்கினால், “இந்தக் கோப்பு ஆதரிக்கப்படவில்லை அல்லது சேதமடைந்துள்ளது” என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

அந்த “அல்லது” என் தூக்கத்தைத் தின்றுவிட்டது. தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டால் எல்லாப் படங்களும் பளிச்சென்று தெரிகின்றன. கணினியில் போட்டால் சாம்பல்.

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது. கேமராவின் சென்சார் பதிந்த ஒளியை அப்படியே வைத்திருக்கும் கோப்புக்குத்தான் ரா என்று பெயர். ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா தானே செய்த ஒரு ஜேபெக் படத்தை ஒளித்து வைக்கிறது. கேமராத் திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். சென்சார் பதிந்த மூலத் தரவு அதற்கு அடியில் தனியாகக் கிடக்கிறது. அதைப் படிக்க என்னிடமிருந்த பழைய மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஒருமுறை பணம் கட்டி வாங்கிய மென்பொருள் அது. அது வெளிவந்த காலத்தில் இந்தக் கேமரா பிறக்கவே இல்லை.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: “முன்பு வைத்திருந்த கேமராவும் இதே கம்பெனிதான், கோப்பின் பின்னொட்டும் அதே மூன்றெழுத்துதான், பிறகு ஏன் திறக்கவில்லை?” பின்னொட்டு வெறும் வாசற்பலகை. ஒரு ரா கோப்பைத் திறக்க மென்பொருளுக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: தரவு அடுக்கப்பட்டிருக்கும் பெட்டியின் அமைப்பு, அது சுருக்கப்பட்டிருக்கும் முறை, அந்தச் சென்சாருக்கே உரிய நிறக் கணக்கும் கறுப்பு அளவும். முதல் இரண்டும் பழையதாகவே இருந்தாலும், மூன்றாவது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். அதனால் பல மென்பொருள்கள் கோப்பிலுள்ள மாடல் பெயரைத் தம் பட்டியலில் தேடுகின்றன. பெயர் இல்லையென்றால் கதவு திறக்காது.

சில சமயம் மூன்றும் ஒருசேர மாறும். 2018இல் கேனான் எம்50 வந்தபோது, டிஃப் என்ற பட வடிவத்தின் அடிப்படையில் அமைந்த சிஆர்2 ரா கோப்பு போய், எம்பி4 வீடியோவின் குடும்பத்தைச் சேர்ந்த சிஆர்3 வந்தது. நிக்கான் இசட்9இல் 2021இல் ‘ஹை எஃபிஷியன்சி’ என்ற புதுச் சுருக்க முறை வந்தது. இன்டோபிக்ஸ் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது, உரிமம் பெற்றவர்களுக்கே வழி திறக்கும். இன்னும் பின்னால் போனால், 2005இல் நிக்கான் டி2எக்ஸ் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சமன்செய்யும் தன் ஒயிட் பேலன்ஸ் விவரத்தையே மறையாக்கம் செய்து வைத்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அதைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். நான் எடுத்த படத்தின் நிறம் என்னிடமிருந்தே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

சந்தா கட்டுவது

பணம் இருந்தால் இதுதான் குறுக்குவழி. அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6 ஏப்ரல் 2015இல் வந்தது. 2017 டிசம்பரில் 6.14 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. ஒரே தவணையில் வாங்கக்கூடிய கடைசி லைட்ரூம் அதுதான். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேமராவையும் அது அறியாது. சந்தாப் பதிப்பு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய கேமராக்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கேமரா சந்தைக்கு வந்த அன்றே ஆதரவு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சில வாரங்கள் காத்திருக்க நேரிடலாம்.

பலருக்கும் உள்ள பயம், “கட்டுவதை நிறுத்தினால் என் படங்கள் என்ன ஆகும்?” என்பது. சந்தாப் பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் படப் பட்டியலைத் திறக்கலாம், தேடலாம், ஏற்கெனவே திருத்திய படங்களை ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் பூட்டிக்கொள்ளும். வீட்டைக் காலி செய்தாலும் சாமான்களை எடுக்க விடும் வீட்டுக்காரர் மாதிரி. சமையலறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

மலிவான 20 ஜிபி புகைப்படத் திட்டம் 2025 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருபது விசேஷம் எடுப்பவர் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கவே வேண்டாம். ஒரு வளைகாப்பின் முன்பணத்தில் ஓர் ஆண்டுச் சந்தா அடங்கிவிடும். மாதம் ஒருமுறை கோயில் கோபுரமும் குழந்தையும் எடுப்பவர்தான் மேலே படிக்க வேண்டும்.

டிஎன்ஜியாக மாற்றுவது

என்னை அன்றைக்குக் காப்பாற்றியது இதுதான். அதனால் இதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அந்தப் பாசத்தைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

டிஎன்ஜி என்பது 2004 செப்டம்பரில் அடோபி வெளியிட்ட பொது ரா வடிவம். அதன் விவரக்குறிப்பை யாரும் கட்டணமின்றிப் படித்துப் பயன்படுத்தலாம். லைக்கா, பென்டாக்ஸ் கேமராக்கள் நேரடியாகவே இதில் எழுதுகின்றன. ஆண்டிராய்டு போன்களின் ரா, ஆப்பிளின் புரோரா எல்லாம் இதே குடும்பம்தான். அடோபி தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம்; விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும். புதிய கேமராவின் கோப்பை எடுத்து, அந்தச் சென்சாரின் நிறக் கணக்கையும் உள்ளே எழுதி, டிஎன்ஜியாகத் தரும். அதாவது, மாடல் பெயரைத் தன் பட்டியலில் தேட வேண்டிய அவசியமே பழைய மென்பொருளுக்கு இல்லாமல் போகிறது. மூன்றாவது விஷயம் கோப்போடு கூடவே வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அடோபி மென்பொருள்களில் ராவைத் திறக்கும் பகுதிக்கு ‘கேமரா ரா’ என்று பெயர்; அதன் எந்தப் பதிப்புக்கு ஏற்ற டிஎன்ஜி வேண்டும் என்று விருப்பத்தேர்வுகளில் கேட்கும். டிஎன்ஜிக்கும் பதிப்புகள் உண்டு. 2023இல் வந்த 1.7இல் ஜேபெக் எக்ஸ்எல் சுருக்கம் சேர்ந்தது, அப்படிச் சுருக்கிய கோப்பைப் பழைய மென்பொருள்கள் அறியா. லைட்ரூம் 6 போன்றவற்றுக்கு ‘7.1 மற்றும் பிந்தையது’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதைப் பார்க்காமல் ஓர் இரவு முழுக்க மாற்றிவிட்டு, காலையில் மறுபடியும் சாம்பல் கட்டங்களைப் பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.

இதே இடத்தில் ‘லீனியர்’ என்றொரு தெரிவு கிடக்கும். அதைத் தொடாதீர்கள். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பதிகிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பும் வேலையை மென்பொருள் பிறகு செய்யும். லீனியராக மாற்றினால் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறீர்கள். கோப்பும் பெருக்கும், நாளை இதைவிட நல்ல கணிப்பு முறை வந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

மாற்றியதும் மூலக் கோப்பை அழித்துவிடலாமா என்றால், கூடவே கூடாது என்பது என் கட்சி. கேமரா நிறுவனங்களின் சொந்த மென்பொருள்கள் இந்த டிஎன்ஜியைத் திறப்பதில்லை. கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்காக மாற்றும் வசதியும் போய்விடும். டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் போன்ற மென்பொருள்கள் டிஎன்ஜியை ஏற்றாலும், அந்தக் கேமராவைத் தாம் அளந்து பட்டியலில் சேர்த்திருந்தால்தான் ஏற்கும். ஆக அங்கே இந்தக் குறுக்குவழி செல்லாது. மூலத்தை டிஎன்ஜிக்குள்ளேயே பொதிந்து வைக்க ஒரு தெரிவு இருக்கிறது, ஆனால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தனி ஹார்ட் டிஸ்க்கில் மூலத்தை வைப்பதே மேல். ஹை எஃபிஷியன்சி கோப்புகளை மாற்றினால் டிஎன்ஜி மூலத்தைவிடப் பெரிதாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினால் வேறென்ன ஆகும்?

மொத்தத்தில் டிஎன்ஜி ஒரு பாலம். என்னைப் போலப் பழைய மென்பொருளை விட மனமில்லாதவர்களுக்கு அருமையான பாலம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு மணி நேரக் கூடுதல் காத்திருப்பும் இரட்டை இடமும்தான் அதன் சுங்கம்.

கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருள்

கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். எல்லாம் இலவசம். கேமரா கடைக்கு வரும் நாளிலேயே அதன் கோப்பைத் திறக்கும் மென்பொருள் வேறெங்கே கிடைக்கும்? கேனான் மட்டும் பதிவிறக்கும்போது கேமராவின் வரிசை எண்ணைக் கேட்கும். பழைய கேமரா வாங்கியவர்கள் பெட்டி இல்லையே என்று கலங்க வேண்டாம், எண் கேமராவின் உடம்பிலேயே இருக்கிறது.

நிறத்தில் இவற்றை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் கல்யாணத்தின் ஒரே கோப்பை மூன்று மென்பொருள்களில் எந்தத் திருத்தமும் செய்யாமல் திறந்து பார்த்தேன். கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஒன்றில் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்தது. இன்னொன்றில் சிவப்பு சரியாக இருந்தது, சரிகைக் கரையில் லேசாகப் பச்சை ஓடியது. கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும்தான் மண்டபத்தில் என் கண் பார்த்த அரக்கு இருந்தது. காரணம் எளிது: கேமராவில் நாம் வைத்த நிறத் தெரிவும் லென்ஸ் திருத்தமும் அந்த நிறுவனத்துக்கே உரிய குறிப்புகளாகக் கோப்பில் எழுதப்படுகின்றன. எழுதியவருக்குத்தான் அந்தக் கையெழுத்து முழுக்கப் புரியும். மற்ற மென்பொருள்கள் அதில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டுத் தம் சொந்த நிறக் கணக்கைப் போடுகின்றன. அது தவறல்ல, வேறொரு கணக்கு. பழகினால் அதிலும் அரக்கைக் கொண்டுவரலாம். ஆனால் புடவை எடுத்த பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் பார்த்து, “இது என்னடி கலர்?” என்று கேட்கும் இடத்தில் இந்த விளக்கமெல்லாம் எடுபடாது.

குறை, வேகம். ஐம்பது படத்துக்குப் பொறுமை இருக்கும். ஆயிரம் படத்துக்கு இருக்காது. இரண்டு கம்பெனிக் கேமரா வைத்திருப்பவர் இரண்டு மென்பொருளில் ஓட வேண்டும்.

நிறுவனத்தின் சொந்தப் பொருள் என்பதால் நிரந்தரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. நிக்கானின் கேப்சர் என்எக்ஸ் 2 நல்ல மென்பொருள். படத்தில் ஓரிடத்தைச் சொடுக்கி அதை மட்டும் திருத்த, அதன் உள்ளே இருந்த கன்ட்ரோல் பாயின்ட் தொழில்நுட்பம் நிக் நிறுவனத்துடையது. 2012இல் நிக்கைக் கூகுள் வாங்கியது; 2014இல் நிக்கான் அந்த வசதி இல்லாத கேப்சர் என்எக்ஸ்-டிக்கு மாறியது. ஆண்டுக்கணக்காகக் கோப்புக்குள்ளேயே திருத்தங்களைச் சேமித்து வைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னொரு விசித்திரம்: யுஎஸ்பியில் இணைத்த கேமராவின் மூளையையே கணக்குப் போட வைக்கும். படம் எடுத்த அதே மாடல் கேமரா கையில் இருக்க வேண்டும். கேமராவை விற்றால் அந்த வழியும் அதோடு போயிற்று.

திறமூல மென்பொருள்கள்

நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தவை இவை. இவற்றின் வேர் ஒரே ஒரு மனிதரின் பிடிவாதம். டேவ் காஃபின் 1997இல் டிசிரா என்ற சிறு நிரலை எழுதத் தொடங்கி, எந்த நிறுவனத்தின் ஆவணமும் இல்லாமல், கேமரா கேமராவாகப் பூட்டைத் திறந்துகொண்டே போனார். டி2எக்ஸின் மறையாக்கத்தை உடைத்தவரும் அவர்தான். கடைசிப் பதிப்பு 2018. அந்த வேரிலிருந்து, மற்ற மென்பொருள்கள் ராவைப் படிக்கப் பயன்படுத்தும் லிப்ரா என்ற நிரல்தொகுப்பு வளர்ந்தது. விண்டோஸில் ரா படங்களின் முன்தோற்றத்தைக் காட்ட மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் நீட்சி லிப்ராவை வைத்தே செய்யப்பட்டது.

டார்க்டேபிளும் ராதெரபியும்தான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துபவை. டார்க்டேபிள் ஆண்டுக்கு இருமுறை, நடு ஆண்டிலும் கிறிஸ்துமஸ் ஒட்டியும் புதுப் பதிப்பு வெளியிடுகிறது. புதிய கேமராவின் ஆதரவு தானாக வராது. யாராவது அந்தக் கேமராவில் எடுத்த மாதிரிக் கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். பணம் வாங்காத மென்பொருள் நம்மிடம் கேட்கும் கூலி இவ்வளவுதான், அதையும் கொடுக்க நமக்குச் சோம்பல்.

காத்திருப்பு சில சமயம் நீளும். சிஆர்3 வந்தது 2018இல். டார்க்டேபிள் அதைத் திறந்தது 2021 டிசம்பரில் வந்த 3.8இல். அந்தப் பெட்டி அமைப்பின்மேல் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற தயக்கமும் தாமதத்துக்கு ஒரு காரணம். ஹை எஃபிஷியன்சி கோப்புகளோ ஆண்டுகள் கழிந்தும் வாசலிலேயே நின்றன. நிக்கான்காரர்கள் கேமராவில் தரவு எதையும் இழக்காத லாஸ்லெஸ் சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கார்டில் இடம் கூடுதலாகப் போகும், அவ்வளவே. நிக்கான் இசட்8 வாங்கி டார்க்டேபிளில் படம் திறக்கவில்லை என்று புலம்பியவர்களில் நான் பார்த்த எல்லோருக்கும் மருந்து இந்த ஒரு மெனுவில்தான் இருந்தது. என்ன, ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு அது உதவாது.

டார்க்டேபிள் கற்க நாள் பிடிக்கும். லைட்ரூமில் பழகிய கைக்கு முதல் வாரம் கோபம் வரும். மாலை நேரமும் ஆர்வமும் இருப்பவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். நாளைக்கே ஆல்பம் கொடுக்க வேண்டியவருக்குச் சொல்ல மாட்டேன்.

மற்றவை

கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ போன்ற மென்பொருள்களை ஒரே தவணையில் வாங்கலாம். ஆனால் வாங்கிய பதிப்பு அறிந்த கேமராக்களோடு கதை நின்றுவிடும். அடுத்த கேமரா வாங்கும்போது மறுபடி பணம். லைட்ரூம் 6காரர்களுக்கு நேர்ந்ததே வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். இலவசமாகக் கிடைப்பதையும் நம்பி உட்கார முடியாது. சோனி, நிக்கான், ஃபியூஜி கேமராக்களுக்கு இலவசமாக இருந்த கேப்சர் ஒன் எக்ஸ்பிரஸ் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது.

படக் கோப்பிலுள்ள குறிப்புகளை மாற்றும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு கோப்பிலுள்ள மாடல் பெயரைப் பழைய கேமராவின் பெயராக மாற்றி மென்பொருளை ஏமாற்றும் வித்தையும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு கேமராவுக்கும் ஏறக்குறைய ஒரே சென்சார் என்றால் சில நேரம் பலிக்கும். இல்லையென்றால் மணமகன் ஊதா நிறத்தில் வருவார். நகலில் மட்டும் செய்து பாருங்கள்.

ராவே வேண்டாம், ஜேபெக் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் ஒன்றில் ரா, மற்றதில் ஜேபெக் என்று வையுங்கள். அந்த இரவு என் இரண்டாவது கார்டில் ஜேபெக் இருந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தொழிலாகச் செய்பவர் சந்தாவுக்குப் போகலாம், மூலக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு. பழைய மென்பொருளில் கை பழகியவர், மாதம் ஒன்றிரண்டு விசேஷம் மட்டும் எடுப்பவர் டிஎன்ஜிப் பாலத்தில் நடக்கலாம். மாதம் ஐம்பது படம் எடுப்பவருக்குக் கேமரா நிறுவனத்தின் மென்பொருளே தாராளம். அதன் நிறம் பிடித்துப்போய் வேறெங்கும் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். புதிதாகத் தொடங்கும் இளைஞர் டார்க்டேபிளில் தொடங்கட்டும். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவர் கையில் இல்லை.

எங்கிருந்து எங்கு மாறினாலும் ஒரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது. நட்சத்திரக் குறியும் தலைப்புச் சொற்களும் பெரும்பாலும் கூடவே வரும்; வெளிச்சமும் நிறமும் வளைகோடும் வரா. ஆகவே மாறுவதற்கு முன், முடித்த படங்களில் முக்கியமானவற்றை 16 பிட் டிஃபாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நான் பன்னிரண்டு ஆண்டுப் படங்களில் நானூறைத் தேர்ந்தெடுத்து அப்படிச் செய்தேன். தேர்ந்தெடுக்கத்தான் ஒரு மாதம் ஆனது.

சென்ற மாதம் தம்பி ஒருவனுக்குக் கேமரா வாங்கப் போனோம். கடைக்காரரிடம் கேட்டு என் கார்டைப் போட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியை மெனுவிலுள்ள ஒவ்வொரு சுருக்க முறையிலும் இரண்டிரண்டாக ஆறு முறை எடுத்தேன். பணம் கட்டாமல் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். வீட்டில் தம்பியின் கணினியில் போட்டுப் பார்த்ததில் நான்கு திறந்தன, இரண்டு சாம்பல். எந்த இரண்டு என்று குறித்துக்கொண்டு, மாலையில் போய்ப் பணத்தைக் கட்டினோம். கடையிலேயே மெனுவைத் திறந்து அந்தச் சுருக்க முறையை மாற்றி வைத்த பிறகுதான் கேமராவைப் பையில் போட்டான்.